13ஆம் திருத்தம்: மாகாணத்தின் கைக்கு வந்தது எவ்வளவு?

நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கினால் இதுதான் கேள்வி. இலங்கை அரசியலமைப்பில் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்து என்று ஒரு கட்சி கேட்கிறது. 13 வேண்டவே வேண்டாம், சமஷ்டிதான் (கூட்டாட்சிதான்) தீர்வு என்று இன்னொரு கட்சி சொல்கிறது. தெற்கிலோ அதைக் கொடுத்தால் நாடு பிரிந்துவிடும் என்று 2023 பெப்ரவரியில் பாராளுமன்றத்துக்கு அருகே பிக்குகள் அதன் பிரதியைத் தீயிட்டார்கள். ஒரே சட்டத்தைப் பற்றி மூன்று பேரும் எப்படி இப்படிப் பேச முடியும், மாகாண சபைத் தேர்தல் வந்தால் வாக்களித்துப் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் 2001இல் பிறந்தவர் என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இந்தச் சட்டம் உங்களைவிட 14 வயது மூத்தது. அதன் கீழ் நடந்த ஒரு தேர்தலில்கூட நீங்கள் வாக்களித்திருக்க முடியாது. ஆகவே உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: அங்கே அதிகாரம் இருந்தும் தராமல் வைத்திருக்கிறார்களா, அல்லது அங்கே அதிகாரமே இல்லையா?

நான் சட்டத்தரணி அல்லன். மாகாண நிருவாகத்தில் 26 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். முதலில் திருகோணமலை, பிறகு யாழ்ப்பாணம். தீர்ப்புகளையும் சட்டங்களையும் வேலைக்குத் தேவைப்பட்டதால் படித்தேன். கந்தோரில் அவை எப்படி நடந்தன என்பதைக் கண்ணால் கண்டேன். எது சட்டத்தில் தெளிவாக இருக்கிறது, எது வாதத்துக்கு உரியது, எது என் சொந்தக் கணிப்பு என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில், அது எப்படி வந்தது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் பிரதேச சபைகளைத் தருவதாகச் சொன்னது. அடுத்த வருடம் ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டின் முன் வந்து உட்கார, அது கைவிடப்பட்டது. 1965இல் டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தம் மாவட்ட சபைகளைத் தருவதாகச் சொன்னது. அதுவும் நடக்கவில்லை. 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு என்ற கோரிக்கையை வைத்தது. 1981இல் மாவட்ட அபிவிருத்தி சபைகள் வந்தன. அந்தத் தேர்தலுக்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன்புதான் யாழ். நூலகம் எரிந்தது. பிறகு 1983. பிறகு யுத்தம். 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிள்ளைதான் 13ஆம் திருத்தம். அதே வருடம் நவம்பரில் அது சட்டமானது. கூடவே மாகாண சபைகள் சட்டமும் நிறைவேறியது.

இந்த இடத்தில் பலர் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. என் கண்ணில் முழுக் கதைக்கும் திறவுகோல் அதுதான். திருத்தச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது 9 நீதியரசர்கள் கொண்ட முழு ஆயம் விசாரித்தது. இலங்கை ஒற்றையாட்சி என்று சொல்லும் அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரையை இது மீறுகிறதா, மீறினால் சர்வசன வாக்கெடுப்புத் தேவையா என்பதுதான் வழக்கு. நால்வர் தேவை என்றார்கள். ஐவர் பக்கம் மயிரிழையில் வென்றது. தேவையில்லை என்றவர்களின் காரணம் என்ன? மாகாண சபைகள் சுயாதீனமானவை அல்ல, அவை பாராளுமன்றத்துக்கும் ஜனாதிபதிக்கும் கீழ்ப்பட்டவை, ஆளுநர் ஜனாதிபதியின் ஆள், ஆகவே ஒற்றையாட்சி ஒற்றையாட்சியாகவே இருக்கிறது என்பதுதான். அதாவது, இது போதிய அளவு பலவீனமானது என்று காட்டித்தான் இந்தச் சட்டமே உயிர் தப்பியது. பிற்பாடு காணி என்றும் நிதி என்றும் வழக்குகள் வந்தபோதெல்லாம் அதே காரணம் திரும்பி வந்து நின்றது. கையில் வைத்திருந்த அதிகாரத்தை அரசு தர மறுக்கிறது என்ற பேச்சில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை.

சட்டத்தின் உடலைப் பாருங்கள். ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல்கள். மாகாணத்துக்குரியது, மத்திக்கு ஒதுக்கியது, இருவருக்கும் பொதுவான ஒருங்கிய நிரல். இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையைப் பார்த்து அமைத்தது என்று வாசித்தவுடன் தெரியும். ஆனால் ஒதுக்கிய நிரலின் தலையில் ஒரு வரி இருக்கிறது: எல்லா விடயங்கள் மீதும் தேசியக் கொள்கை வகுப்பது மத்தியின் வேலை. "எல்லா" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கல்வி மாகாணத்துக்குரியது, ஆனால் கல்வியின் தேசியக் கொள்கை மத்தியுடையது. சுகாதாரமும் அப்படித்தான். அந்த வாசலால் நுழைந்து வராத விடயமே இல்லை. நாட்டின் ஏறக்குறைய பத்தாயிரம் அரச பாடசாலைகளில் நானூறு அளவானவை தேசியப் பாடசாலைகள் என்ற பெயரில் மத்திய அமைச்சின் கீழ் இருக்கின்றன. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் ஊரில் எல்லாப் பெற்றோரும் பிள்ளையைச் சேர்க்க அலையும் பாடசாலைகள் அவை.

இது களத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மாரியில் வன்னியில் ஒரு சின்னக் குளம் உடைப்பெடுத்தது. வான் பாய்கிற அளவுக்கு வெள்ளம் வந்து, துருசுக்குப் பக்கத்தில் கட்டு கரைந்துவிட்டது. கமக்காரர் அமைப்பின் தலைவர், அறுபது வயது இருக்கும், சேறு காயாத காலோடு எங்கள் கந்தோருக்கு வந்து நின்றார். மாகாண நீர்ப்பாசனம் எங்களிடம்தானே இருக்கிறது, மண்மூட்டைக்காவது வழி செய்யுங்கள் என்றார். நான் விளங்கப்படுத்தினேன்: 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியது, அது மத்திய அரசு. அதற்கு மேற்பட்ட குளங்கள், ஆறு மாகாண எல்லைக்குள்ளேயே ஓடினால், எங்களுடையவை. ஆறு இரண்டு மாகாணங்களில் ஓடினால் திரும்பவும் மத்தி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, தண்ணிக்கு உது தெரியாது" என்றார். நான் வெட்கப்பட்டுப் போனேன். சட்டப்படி நான் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. அன்று பின்னேரம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து யார் யாரையோ பிடித்து ஒரு உழவு இயந்திரமும் மூட்டைகளும் அனுப்பினோம். அதற்கு எந்த நிரலிலும் இடமில்லை.

1992இல் வந்த பிரதேச செயலாளர்கள் சட்டத்தையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) அதிகாரங்கள் பிரதேச செயலாளருக்குப் போயின. மக்கள் நாளாந்தம் போய் நிற்கிற அந்த அலுவலர் மத்திய அரசின் ஆள். மாகாண வேலைகளும் பல அவர் கையால்தான் நடக்கும், ஆனால் மாகாண அமைச்சர் அவரை இடம் மாற்ற முடியாது. ஊர்மட்டத்தில் மாகாணத்துக்குத் தலை உண்டு, கால் இல்லை என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

ஆளுநர் விடயம் சட்டத்தில் மிகத் தெளிவானது, இதில் வாதத்துக்கு இடம் குறைவு. ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. முதலமைச்சரும் அவரோடு நான்கு அமைச்சர்களும் அவருக்கு உதவியும் ஆலோசனையும் தருபவர்கள். மாகாண நிதியத்தைத் தொடுகிற எந்த நியதிச்சட்டத்தையும் (மாகாண சபை இயற்றும் சட்டத்தையும்) ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபையில் வைக்கவே முடியாது. மாகாண அரச சேவை, ஆட்சேர்ப்பு, இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் அவரிடம். 2013 செப்டெம்பர் 21இல் நடந்த வட மாகாணத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30ஐ வென்றது. சி. வி. விக்னேஸ்வரன், உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்தவர், முதலமைச்சரானார். அப்போது ஆளுநர் ஓய்வுபெற்ற ஒரு படை அதிகாரி. வெளிநாட்டு உறவுகளிடமிருந்து உதவி பெற்றுப் போரில் நொந்தவர்களுக்குக் கொடுக்க முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்கப் பார்த்தார்கள், அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஏறக்குறைய 80 வீத ஆசனத்தை ஒரே கட்சி வென்ற சபைக்கு ஒரு நிதியம் தொடங்க முடியவில்லை என்பதை அந்தக் காலத்தில் கந்தோரில் இருந்த நாங்கள் மிகுந்த வேதனையோடு பார்த்தோம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாகாணச் செலவில் பெரும்பகுதி ஆசிரியர், சுகாதார ஊழியர் சம்பளம். அது மத்தியிலிருந்து தொகுதிக் கொடையாக வருகிறது. மாகாணங்களுக்கு என்றிருந்த முக்கிய வரியான புரள்வு வரி 2011உடன் நிறுத்தப்பட்டு, மத்தி அறவிடுவதில் ஒரு பங்கு தரும் முறை வந்தது. நிதி ஆணைக்குழு ஒன்று உண்டு, அது சிபாரிசு செய்யும், அவ்வளவுதான். என் காலத்தில் அபிவிருத்திக் கட்டுநிதி பல வருடங்களில் ஐப்பசி, கார்த்திகையில்தான் முழுதாகக் கைக்கு வந்தது. மழை கொட்டும்போது தார் வீதி போட முடியாது. மார்கழி 31உடன் கணக்கை முடிக்கவும் வேண்டும். அந்த ஆறு கிழமைகளில் நாங்கள் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன்.

இனி நீங்கள் குறிப்பாகக் கேட்ட காணி. "காணி அதிகாரம் 13இல் இருக்கிறது, தரவில்லை" என்று மேடையில் சொல்வது எளிது. சட்டம் சொல்வது இது: காணி மாகாண நிரலில் இருக்கிறது, ஆனால் பின்னிணைப்பு 2இல் சொல்லப்பட்ட அளவுக்கு மட்டும். அந்தப் பின்னிணைப்பைத் திறந்தால், அரச காணி குடியரசுக்கு உரியதாகவே தொடரும் என்று இருக்கிறது. ஒரு மாகாணத்தில் உள்ள அரச காணியை ஜனாதிபதி உரிமை மாற்றம் செய்வது மாகாண சபையின் ஆலோசனைப்படி என்றும் இருக்கிறது. அந்த "ஆலோசனைப்படி" ஜனாதிபதியைக் கட்டுப்படுத்துமா? 2008இல் ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் அந்த ஆலோசனை அவசியம் என்ற பொருளில் எழுதியது. 2013 செப்டெம்பர் 26இல், அதாவது வடக்கில் வாக்கு எண்ணி ஐந்து நாள் கழிய, அதே நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. அது வடக்கு வழக்கே இல்லை. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டக் காணியிலிருந்து ஒருவரை வெளியேற்றுவது பற்றிய வழக்கு. அரச காணி மாகாண நிரலுக்குள் வராது, மாகாணம் பயன்படுத்தவென்று மத்தி கொடுத்த காணி மீது மட்டுமே மாகாணத்துக்கு அதிகாரம் என்று மூன்று நீதியரசர்களும் சொன்னார்கள். இன்று நடைமுறையில் நிற்பது இதுதான். இது சரியான வாசிப்பா என்பதில் சட்ட அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. பெரிய ஆயம் ஒன்று நாளை மாற்றிச் சொல்லவும் வழி உண்டு.

ஆனால் சந்தேகத்துக்கே இடமில்லாத ஒன்று அதே பின்னிணைப்பில் இருக்கிறது. எல்லா மாகாணங்களின் பிரதிநிதிகளையும் கொண்ட தேசியக் காணி ஆணைக்குழு ஒன்றை அரசு அமைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1987இலிருந்து அது அமைக்கப்படவே இல்லை. இதற்கு எந்தத் தீர்ப்பும் தடையில்லை, பணமும் பெரிதாகத் தேவையில்லை. அரசியல்வாதி ஒருவர் உங்கள் ஊருக்கு வந்து 13ஐ நடைமுறைப்படுத்துவோம் என்றால் முதலில் இதைக் கேளுங்கள். காணிக் கச்சேரியில் (காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் விசாரணையில்) தெரிவாகி, போமிற் (அனுமதிப் பத்திரம்) எடுத்து, வருடக்கணக்காகக் காடு வெட்டிக் குடியிருந்து, கடைசியில் அளிப்புப் பத்திரம் வாங்குகிற கமக்காரன் அந்தப் பத்திரத்தில் காண்பது ஜனாதிபதியின் கையொப்பத்தை. மாகாணம் அந்தக் கடதாசியில் எங்குமே இல்லை.

பொலிஸ் விடயத்தில் நிலைமை தலைகீழ். அங்கே சட்டம் தெளிவு. பின்னிணைப்பு 1 மாகாணப் பொலிஸ் பிரிவு, மூன்று பேர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு, முதலமைச்சரின் இணக்கத்தோடு நியமிக்கப்படும் பிரதிப் பொலிஸ் மா அதிபர் என்று விவரமாகச் சொல்கிறது. அரசுக்கு எதிரான குற்றம், நாணயம், தேர்தல் போன்ற சில மத்திக்கு, மற்ற நாளாந்தக் குற்றங்கள் மாகாணத்துக்கு. ஒன்பது மாகாணங்களில் ஒன்றில்கூட இது ஒரு நாளும் நடைமுறைக்கு வந்ததில்லை. கொழும்பு இருக்கிற மேல் மாகாணத்திலும் இல்லை. ஆகவே "இருக்கிறது, தரவில்லை" என்ற குற்றச்சாட்டு பொலிஸுக்கு முழுதாகப் பொருந்தும், காணிக்குப் பாதி பொருந்தும், நிதிக்கும் ஆளுநருக்கும் பொருந்தாது. நிதியும் ஆளுநரும் சட்டத்தின் அமைப்பிலேயே அப்படி.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இருக்கமாட்டேன். 2013 முதல் 2018 ஒக்டோபர் வரை இருந்த வட மாகாண சபை நூற்றுக்கணக்கான தீர்மானங்களை நிறைவேற்றியது. தீர்மானம் ஒரு கருத்து, நியதிச்சட்டம்தான் சட்டம். நியதிச்சட்டங்கள் அதில் சிறு பகுதிகூட இல்லை. உள்ளூராட்சி, சந்தை, முன்பள்ளி, போக்குவரத்து, கூட்டுறவு என்று யாரும் தடுக்காத துறைகளில் இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாம். 2017இல் அமைச்சர்கள் மீதான விசாரணை, முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று உள்வீட்டுச் சண்டையில் நேரம் போனது. நியதிச்சட்டம் வரையத் தெரிந்த ஆட்களும் எங்களிடம் குறைவாகவே இருந்தார்கள். இது தனியே யாருடைய குற்றமும் அல்ல. வடக்குக்கு 1988 கடைசியிலிருந்து 1990 வரை ஒரு சபை, பிறகு 2013 வரை ஒன்றுமே இல்லை. ஆட்சி செய்து பழக ஏழு வருடம்கூடக் கிடைக்காத ஒரு மாகாணம் இது. வடக்கு, கிழக்குக்காக உருவான சபைகள் 1988இல் தொடங்கி மற்ற ஏழு மாகாணங்களில்தான் தடையின்றி நடந்தன.

சரி, 13ஐ முழுதாகக் கொடுத்தால் அது சமஷ்டியா? இல்லை. நிரலில் எத்தனை அதிகாரம் என்பதைக் கொண்டு சமஷ்டியை அளக்க முடியாது. கொடுத்ததை ஒரு தரப்பு தனியே திருப்பி எடுக்கலாமா என்பதைக் கொண்டுதான் அளக்க வேண்டும். இந்தியாவில் ஏழாம் அட்டவணையைத் திருத்தப் பாராளுமன்றம் மட்டும் போதாது, பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இலங்கையில் மாகாண நிரலைத் தொடும் சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். எல்லாம் இணங்கினால் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒன்றிரண்டு எதிர்த்தாலும், ஒன்பதும் எதிர்த்தாலும், மூன்றில் இரண்டு இருந்தால் நிறைவேற்றலாம். அதாவது மாகாணம் தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது. ஆகவே சமஷ்டி கேட்பவர்கள் 13ஐ அடித்தளமாகக்கூட ஏற்கத் தயங்குவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதே நேரம், ஒற்றையாட்சி என்ற சொல் இருந்தாலே ஒன்றும் செய்ய முடியாது என்பதும் சரியில்லை. பிரித்தானியா சமஷ்டி நாடு அல்ல. ஆனாலும் 1998 சட்டத்தால் ஸ்கொட்லாந்துக்குக் கிடைத்த பாராளுமன்றம் கல்வி, சுகாதாரம், பொலிஸ், நீதித்துறை எல்லாவற்றையும் நடத்துகிறது. அதற்கு ஆளுநர் என்று ஒருவர் இல்லை. அந்த மக்களின் சர்வசன வாக்கு இல்லாமல் அதைக் கலைக்க மாட்டோம் என்று 2016இல் லண்டன் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தது.

பிரிவினைக்குப் படிக்கல்லா என்ற பயத்துக்கு வருவோம். இதில் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்று, கணிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. உறுதியானது சட்டம். 1983 ஓகஸ்டில் வந்த 6ஆம் திருத்தம் தனிநாடு கோருவதைக் குற்றமாக்கியது. தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று அது கேட்ட சத்தியத்தை எடுக்க மறுத்துத்தான் தமிழர் விடுதலைக் கூட்டணியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். தமிழரசுக் கட்சியின் யாப்பில் சமஷ்டி என்று இருப்பதும் தனிநாடு கேட்பதுதான் என்று பிற்பாடு ஒருவர் வழக்குப் போட்டார். 2017 ஓகஸ்ட் 4இல் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஒரே நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை அல்ல. சுயநிர்ணய உரிமை என்ற சொல்லும், உள்ளக சுயநிர்ணயம் என்ற பொருளில், பிரிவினை ஆகாது. இந்தத் தீர்ப்பு தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சமஷ்டி என்று வாய் திறக்கவே பயந்த ஒரு காலத்தில் நான் வேலை செய்தேன். கோப்பில் அந்தச் சொல்லை எழுதமாட்டோம், "கூடிய அதிகாரப் பகிர்வு" என்றுதான் எழுதுவோம்.

கணிப்பு வேறு. பயப்படுபவர்கள் காட்டும் உதாரணம் 1990 மார்ச் 1. வடக்கு–கிழக்கு மாகாண சபையில் முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் ஈழப் பிரகடனத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அந்த மாதம் 24ஆம் திகதி இந்தியப் படையின் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியது. பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தச் சபையைக் கலைக்க வழி செய்தது. அதை அதிகாரப் பகிர்வின் விளைவாக நான் பார்க்கவில்லை. தராத அதிகாரத்தைக் கேட்டுக் களைத்து, பாதுகாப்பும் போகப்போகிறது என்று தெரிந்த ஒரு நிருவாகத்தின் கடைசி மூச்சு அது. இது என் பார்வை. இதே சம்பவத்தை வேறு விதமாகப் பார்ப்பவர்களும் நாணயமானவர்களே. ஸ்கொட்லாந்தும் ஒரு பக்கத்துக்கு மட்டும் சாட்சி சொல்லவில்லை. அதிகாரம் கொடுத்த பிறகும் சுதந்திரக் கோரிக்கை அடங்கவில்லை, சுதந்திரம் கேட்கும் கட்சியே 2007இலிருந்து அங்கே ஆள்கிறது. ஆனால் 2014இல் வாக்கெடுப்பு வைத்தபோது 55 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு துவக்குச் சத்தம் இல்லை. எங்கள் நாட்டில் தனிநாட்டுக் கோரிக்கை வளர்ந்த காலம் எதுவென்று பாருங்கள். 1957க்கும் 1976க்கும் நடுவில், கொடுத்த வாக்குகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்ட காலம்.

சொற்களும் இதில் நிறையக் கெடுத்திருக்கின்றன. 2017 செப்டெம்பரில், புதிய அரசியலமைப்பு வரைவதற்காகப் பாராளுமன்றம் அமைத்த அரசியலமைப்புச் சபையின் வழிநடத்தல் குழு தந்த இடைக்கால அறிக்கை வந்தபோது, சிங்களத்தில் "ஏக்கிய ராஜ்ய", தமிழில் "ஒருமித்த நாடு" என்று எழுதினார்கள். பிரிக்கப்படாத, பிரிக்க முடியாத நாடு என்பதுதான் இரண்டுக்கும் தந்த விளக்கம். ஆனால் சிங்கள வாசகருக்கு "ஏக்கிய" என்பது பழைய ஒற்றையாட்சிதான். தமிழ் வாசகருக்கு "ஒருமித்த" என்பது பல பேர் சேர்ந்து வாழும் நாடு. தெற்கில் தமிழருக்குச் சமஷ்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள், வடக்கில் ஒற்றையாட்சியை ஏற்றுவிட்டார்கள் என்றார்கள். நான் அந்த அறிக்கையை மூன்று மொழியிலும் மேசையில் விரித்து வைத்து வாசித்தேன். வேலை நடந்திருந்த இடம் அந்தத் தலைப்புச் சொல்லுக்குப் பின்னால் வந்த பக்கங்கள். ஆளுநர், தேசியக் கொள்கை, நிதி பற்றி அங்கே இருந்தவற்றை எவரும் வாதிக்கவில்லை.

கடைசியாக வாக்கு. 2014 செப்டெம்பரில் ஊவாவில் நடந்ததே கடைசி மாகாண சபைத் தேர்தல். 2017இல் தேர்தல் முறையை மாற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. பழைய முறை போய்விட்டது, புதிய முறை வரவில்லை. ஒவ்வொரு சபையாகக் காலம் முடிந்து, 2019க்குப் பிறகு ஒன்பது மாகாணங்களையும் ஆளுநர்களே நடத்துகிறார்கள். 2025லும் தேர்தல் நடக்கவில்லை. நல்ல ஆளுநர்கள் வந்திருக்கிறார்கள், நிருவாகம் தெரிந்தவர்கள், தமிழ் பேசுபவர்கள். ஆனால் அவரை அனுப்பியவர் ஜனாதிபதி. நீங்கள் அனுப்பவில்லை.

பலவீனமான சபைக்கு ஏன் வாக்கு என்று கேட்டீர்கள். 2012ஐ நினைத்துப் பாருங்கள். திவிநெகும சட்டமூலம், ஏழைகளுக்கு உதவும் சமுர்த்தி போன்ற அமைப்புகளை ஒன்றாக்கி மத்திய அமைச்சரின் கையில் கொடுக்க வந்தது. மாகாண நிரலைத் தொடுவதால் எல்லா மாகாண சபைகளின் கருத்தையும் கேள் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. எட்டுச் சபைகள் சம்மதித்தன. வடக்கில் அப்போது சபை இல்லை. ஆளுநர் தானே சம்மதம் கொடுத்தார். அது செல்லாது, சபையின் இடத்தில் ஆளுநர் நிற்க முடியாது, மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று நீதிமன்றம் திரும்பவும் சொன்னது. அந்த அரசிடம் மூன்றில் இரண்டு இருந்ததால் 2013 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. அதே மாதம் பிரதம நீதியரசர் பதவி நீக்கப்பட்டார். குற்றப் பிரேரணையில் வேறு காரணங்கள் எழுதப்பட்டிருந்தன, ஆனால் இந்தத் தீர்ப்பையும் அதையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் குறைவு. இன்று ஒன்பது மாகாணத்திலும் சபை இல்லை. மாகாண நிரலில் உள்ள ஒரு விடயத்தைத் தொட்டு நாளை ஒரு சட்டமூலம் வந்தால், கருத்துச் சொல்ல ஒரு இடத்திலும் ஆள் இல்லை. ஆகவே தேர்தல் அறிவித்தால், உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் போய்ப் பார்த்துவிட்டு, வாக்களியுங்கள். வேட்பாளர் வீட்டுக்கு வந்தால், எந்த நியதிச்சட்டத்தை முதல் வருடத்தில் கொண்டுவருவீர்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.